பெஞ்சில் தடவிய வெல்லம்

அம்மணி,

இன்றைக்குக் காலையில் கொட்டகையைக் கழுவிவிட்டு, வெல்ல டப்பாவையும் கழுவி வைக்கலாம் என்று எடுத்தேன். பழைய பிஸ்கட் டப்பாதான், மூடி துருப்பிடித்துவிட்டது. கழுவிக் கவிழ்த்து வெயிலில் வைத்தபோது அதன் அடியில் கறுப்பு மையில் ஏதோ எழுதியிருப்பது தெரிந்தது. உங்கள் கையெழுத்து. காற்றடிக்கும்போது சோளத்தட்டு ஒரு பக்கமாகச் சாயுமே, அந்த மாதிரி சாய்ந்து ஓடும் எழுத்து. அங்கேயே குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். 'இந்த டப்பாவுக்கும் அண்ணாச்சிக்கும் பத்து அடி இடைவெளி இருக்க வேண்டும்.'

இரண்டு தடவை மனசுக்குள் வாசித்தேன். மூன்றாவது தடவை சத்தம் போட்டு வாசித்தேன். அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், கொட்டகையில் நின்ற குதிரை பவுனு சோளத்தட்டு மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. எப்போது எழுதினீர்கள் அம்மணி? எத்தனை நாள் அந்த எழுத்தின் மேலேயே கையை வைத்து டப்பாவைத் தூக்கியிருக்கிறேன்! எனக்கு வாசிக்க வராது என்ற தைரியத்தில் எழுதினீர்களா, ஒரு நாள் வாசித்துவிடுவேன் என்ற நம்பிக்கையில் எழுதினீர்களா? கேட்க ஆள் இல்லை. அதனால் பதில் எழுதலாம் என்று நோட்டை எடுத்துவிட்டேன்.

ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது ஆகிறது. அவசரம் ஒன்றும் இல்லை. பவுனு தீனி தின்கிற நேரத்தில் எழுதுகிறேன். அது ஒரு கட்டுத் தட்டைத் தின்று முடிப்பதற்குள் நாலு வரி. நீங்கள் இருந்தால், 'நாலு வரியா? பரவால்லையே அண்ணாச்சி' என்று சொல்லியிருப்பீர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர் நீங்கள். என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்ட ஒரே ஆள். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் உங்களை அம்மணி என்றேன். கவுன்சிலிங் படித்தவரை அப்படிக் கூப்பிடலாமா என்று யாரோ என்னைக் கேட்டபோது நீங்களே பதில் சொன்னீர்கள்: 'டாக்டரம்மான்னு கூப்பிட்டாத்தான் எனக்குப் பயமா இருக்கு. நான் டாக்டரே இல்ல.'

முதல் தடவை நீங்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்ற நாளை நினைத்துக்கொள்கிறேன். அதுவரை பவுனு கல்யாணக் குதிரை. காதர்பேட்டையில் கடை வைத்திருக்கும் வடநாட்டு வியாபாரிகள் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வெள்ளைக் குதிரை மேல்தான் வர வேண்டும். பேண்டு வாத்தியம் முன்னால் போகும். நான் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். நாக்கை மடக்கி 'டக்' என்று ஒரு சத்தம் கொடுத்தால் பவுனு முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். குதிரை ஆடுகிறது, ஆடுகிறது என்று ஜனங்கள் செல்போனை நீட்டுவார்கள். என் வேட்டி மடியிலிருந்து ஒரு துண்டு வெல்லம் அதன் வாய்க்குப் போகும். இதுதான் எங்கள் இரண்டு பேருடைய தொழில். பின்னங்காலில் நோவு வந்து பவுனு மாப்பிள்ளைகளைச் சுமக்க முடியாமல் போன சமயத்தில் நீங்கள் வந்தீர்கள்.

'குதிரையை வேலைக்குக் கூப்பிட வந்திருக்கேன் அண்ணாச்சி. கூட நீங்களும் வரணும்.'

'அதுக்குக் கால் நோவுங்க அம்மணி. யாரையும் ஏத்தாது.'

'ஏத்த வேண்டாம். அங்க யாரும் ஏற மாட்டாங்க.'

'ஏறாத குதிரைக்கு என்னங்க வேலை?'

'சும்மா நிக்கணும்.'

'அதுக்கு எதுக்குங்க குதிரை? நானே நிக்கிறனே!'

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். 'நீங்க பேசிருவீய அண்ணாச்சி. அது பேசாது. அதான் எனக்கு வேணும்.'

குன்னத்தூர் ரோட்டில், கம்பி வேலி போட்ட இரண்டு ஏக்கர். ஒரு கொட்டகை, ஒரு வேப்பமரம், மரத்தடியில் சாய்மானம் வைத்த ஒரு மர பெஞ்சு. பக்கத்தில் நீங்கள் குடியிருந்த ஓட்டு வீடு. பனியன் கம்பெனிகளுக்கு லீவு என்பதால் ஞாயிற்றுக்கிழமைதான் ஜனம் வரும். டெய்லர்கள், அயர்ன் மாஸ்டர்கள், ஹாஸ்டல் பிள்ளைகள், ஒன்றிரண்டு முதலாளிகளும்கூட. பவுனு தவிர மூன்று கால் நாய் ஒன்றும் இரண்டு ஆடுகளும் உங்களிடம் இருந்தன. குடித்துக் குடித்துக் குடும்பத்தைத் தொலைத்தவர்கள் வந்தால் அந்த நாய் போய் அவர்கள் காலடியில் படுத்துக்கொள்ளும். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆடு ஒரு தடவை ஒரு கம்பெனி மேனேஜருடைய காகிதங்களை முழுக்கத் தின்றுவிட்டது. அவர் தன் கஷ்டங்களையெல்லாம் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்திருந்த காகிதம். 'ரெண்டு வாரமா எழுதுனது மேடம், ஒரே வாயில முடிச்சிருச்சே' என்று அவர் சிரித்தார். அங்கே வந்து அவர் சிரித்த முதல் சிரிப்பு அதுதான் என்று நீங்கள் பிறகு சொன்னீர்கள்.

ஒரு டெய்லர் வந்தாரே, முகம் நிறையச் சிரிப்போடு. பவுனு அவர் பக்கமே போகவில்லை. அவர் இரண்டு அடி முன்னால் வந்தால் அது இரண்டு அடி தள்ளிப் போனது. 'எனக்கு ஒண்ணும் இல்லீங்க, ஊட்ல சொன்னாங்கன்னுதான் வந்தேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீங்கள் ஒன்றும் பேசாமல் நின்றீர்கள். கால் மணி நேரம் போயிருக்கும். அவர் திடீரென்று தோளைத் தொங்கவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். பவுனு காதைத் திருப்பியது. மெதுவாக நடந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டது. அந்த ஆள் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்குச் சொன்னீர்கள்: 'குதிரையை அடிச்சுத் திங்கதுக்குக் காட்டுல எத்தனையோ இருக்கும் அண்ணாச்சி. அதனால எதிர்ல நிக்கிறவன் உடம்பைப் பாத்துக்கிட்டேதான் அது பொழைக்கும். நம்ம மூஞ்சி சிரிக்கும், வாய் நல்லாருக்கேன்னு சொல்லும். அது மூச்சைக் கேக்குது. தோளைப் பாக்குது. உள்ளும் வெளியும் ஒண்ணா இருந்தாத்தான் கிட்ட வரும். வந்தா, அந்த மனுசனுக்கு ஒரு சாட்சி கெடைச்ச மாதிரி.'

எனக்கு இது புதுசாகப் படவில்லை. பயந்த மாப்பிள்ளை மேலே ஏறினால் பவுனுக்கு வேர்க்கும் என்று எனக்கு முன்பே தெரியும். ஆனால் தெரிந்ததை வைத்து நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போது தெரியவில்லை.

இனி அந்தச் செக்கிங் பிள்ளையைப் பற்றி எழுத வேண்டும். அவள் பேரை இங்கேயும் எழுத மாட்டேன். இங்கே வருகிறவர்கள் பேர் வேலியைத் தாண்டக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். இதை எழுதலாமா என்று அவளிடம் போனில் கேட்டேன். 'எழுதுங்க தாத்தா, பேரு மட்டும் வேண்டாம்' என்றாள்.

வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வரும் பனியனில் கறை, ஓட்டை, பிரிந்த தையல் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிற வேலை. தேனிப் பக்கத்துப் பிள்ளை, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். இரண்டு மாதமாக யாரிடமும் பேசவில்லை, ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள் என்று வார்டன் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். மணிக்கட்டு முருங்கைக்குச்சி மாதிரி இருந்தது. இப்படியே போனால் பிழைக்காது என்று எனக்கே பட்டது.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நீங்கள் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்திருப்பீர்கள். பவுனு வேலியோரம் புல் மேயும். ஒரு மணி நேரம் ஆனதும் எழுந்து போய்விடுவாள். ஒரு வார்த்தை கிடையாது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. இத்தனை வருடம் கல்யாணப் பார்ட்டி சந்தோஷமாகப் போக வேண்டும் என்றே வேலை செய்தவன் நான். வருகிறவர் முகம் வாடிப் போகிறது என்றால் குதிரைக்காரனுக்கு அது கௌரவக் குறைச்சல்.

ஆறாவது வாரம் அவள் வருவதற்கு முன்பு வெல்லத்தைத் தண்ணீரில் குழைத்து அந்த பெஞ்சின் சாய்மானத்தில் தடவி வைத்தேன். அவள் உட்கார்ந்தாள். கொட்டகை வாசலில் இருந்து, யாருக்கும் கேட்காத மாதிரி நாக்கில் ஒரு 'டக்'. பவுனு தலையைத் தூக்கியது. நேராக நடந்து போய் அவள் தோளுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்தது. அவள் உறைந்து போனாள். அப்புறம் மெதுவாகக் கையைத் தூக்கி அதன் நெற்றியைத் தொட்டாள். அம்மணி, உங்கள் கண் நிறைந்ததை நான் பார்த்தேன். எனக்கு என்ன பெருமை! அடுத்த வாரமும் தடவினேன். அவள் கொஞ்சம் சிரித்தாள். அந்த வாரம் ஹாஸ்டலில் இரண்டு வேளை சாப்பிட்டாளாம். நான் என் பெண்சாதியிடம் போய், 'நானும் பாதி டாக்டராயிட்டேன் போ' என்றேன். 'குதிரைக்கா, மனுசனுக்கா?' என்று கேட்டாள் அவள்.

வெல்லம் தடவிய மூன்றாவது வாரம் வெயில் அதிகம். எறும்பு வந்துவிட்டது.

செக்கிங் பிள்ளையின் கண் அல்லவா? உட்காரப் போனவள் உட்காரவில்லை. குனிந்து சாய்மானத்தைப் பார்த்தாள். எறும்பு வரிசையை விரலால் ஒதுக்கினாள். மரத்தைத் தடவி விரலை மோந்து பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கொட்டகை வாசலில் கையில் ஒரு துண்டு வெல்லத்தோடு நிற்கிறேன். பனியனில் பழுது இருக்கும் இடத்தைக் காட்ட அந்தப் பிரிவில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அவள் கைப்பையைத் திறந்து அதில் ஒன்றை உரித்து, வெல்லம் தடவிய இடத்தில் ஒட்டினாள். கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

நீங்கள் பெஞ்சருகில் வந்து அந்த அம்பைப் பார்த்தீர்கள்.

'என்ன அண்ணாச்சி இது?'

'வெல்லமுங்க.'

'எத்தனை வாரமா?'

'மூணு வாரமாங்க. நல்லதுக்குத்தானுங்க அம்மணி செஞ்சேன். அந்தப் புள்ளை மூஞ்சியில ஒரு சிரிப்பு வரட்டுமுன்னு...'

நீங்கள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

'அவளுக்கு நல்லதுக்குன்னு செஞ்சவங்க நெறைய பேரு அண்ணாச்சி. அவ இங்க வந்ததே அதனாலதான். இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது.' அப்புறம், 'எம் மேலயும் தப்பு இருக்கு' என்றீர்கள். 'குதிரை பெஞ்சை நக்குனதை நானும் பாத்தேன். ஏன்னு கேக்கலை. அவ சரியாயிட்டான்னு நம்ப எனக்கும் ஆசையா இருந்துச்சு.'

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரு பழைய கல்யாணம் நினைவில் ஓடியது. இதை உங்களிடம்கூட நான் சொன்னதில்லை. ஒரு மாப்பிள்ளை, இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவன் ஏறியதிலிருந்து பவுனு ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் என்றது. அவன் தொடை வெடவெடவென்று நடுங்கியது என் தோளுக்குத் தெரிந்தது. அவனுக்கு அந்தக் கல்யாணத்தில் இஷ்டம் இல்லை. அந்தக் கூட்டத்தில் அது குதிரைக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் என்ன செய்தேன்? மடியிலிருந்து வெல்லத்தை எடுத்து நீட்டினேன். பவுனு நடந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்குப் பவுனு சொன்ன சாட்சியை நான் வெல்லம் கொடுத்து மாற்றினேன். இப்போது இந்தப் பிள்ளையிடமும் அதையேதான் செய்திருக்கிறேன்.

மறுநாள் உங்களிடம் வந்து கேட்டேன்.

'அந்தப் புள்ளைகிட்ட நீங்க சொல்லுங்க அம்மணி. குதிரை மேல தப்பில்லைன்னு சொல்லிப் போடுங்க.'

'நான் சொன்னா அதுவும் அடுத்த ஆளு சொன்னதா ஆயிரும். நீங்கதான் சொல்லணும். போன் எடுக்க மாட்டேங்கா. எழுதிக் கொடுங்க.'

'எனக்கு எழுதத் தெரியாதுன்னு தெரியுமுங்களே. நீங்க எழுதுங்க, நான் கைநாட்டு வெச்சுப் போடறேன்.'

'உங்க தப்பை என் கையெழுத்துல எழுத முடியாது அண்ணாச்சி.'

எனக்குக் கோபம் வந்தது. அறுபத்தெட்டு வயசில் ஒருத்தனைப் பலகை பிடிக்கச் சொல்கிறீர்களே என்று முணுமுணுத்தேன். நீங்கள் கேட்டும் கேட்காத மாதிரி ஒரு குச்சியை ஒடித்து என் கையில் கொடுத்தீர்கள். பவுனு மேயும் இடத்து மண்ணில்தான் என் பள்ளிக்கூடம். நான் சொல்ல வேண்டியதை நான்தான் யோசிக்க வேண்டும். எந்த எழுத்து வேண்டும் என்று கேட்டால் அந்த எழுத்தை மட்டும் காட்டுவீர்கள். 'கு' எனக்கு உடனே வந்துவிட்டது. 'ரை' வந்தால் கயிறு சிக்கிக்கொண்ட மாதிரி விழித்தேன். நான் பாடுபட்டு எழுதி நிமிர்வதற்குள் பவுனு அதன் மேலேயே நடந்து போகும். 'உங்க குதிரைக்குப் பிடிக்கலை அண்ணாச்சி, திரும்ப எழுதுங்க' என்பீர்கள். கோபமாக ஆரம்பித்தவன் மூன்றாம் நாள் உங்களுக்கு முன்பே வந்து மண்ணைச் சமன் செய்து வைத்தேன். தப்புக்கு மன்னிப்புக் கேட்கப் படிக்கிறவனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒன்பது நாள் ஆயிற்று. காகிதத்தில் எழுதியது இவ்வளவுதான்: 'கண்ணு, பவுனு தானாக வரவில்லை. நான் வெல்லம் தடவினேன். குதிரை பொய் சொல்லவில்லை. நான் சொன்னேன்.' கீழே என் பேர். என் பேரை என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை.

நானே பஸ் ஏறி வீரபாண்டி ஹாஸ்டலுக்குப் போனேன். வார்டன் அம்மா கேட்டிலேயே நிறுத்திவிட்டார். கடிதத்தை வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

'என்னங்க பெரியவரே, வெல்லம், குதிரைன்னு இருக்கு? ஏதாச்சும் சங்கேதமா?'

'இல்லீங்க. குதிரைன்னா குதிரைதானுங்க. வெல்லமுன்னா வெல்லந்தானுங்க.'

'பவுனுன்னா?'

'அதும் குதிரைதானுங்க.'

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'சரி, குடுக்கறேன். ஆனா இத்தன பெரிய எழுத்துல நாலே வரி எழுதுற ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன்' என்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. அந்த இரண்டு வாரமும் உங்கள் கண் கேட்டிலேயே இருந்தது. மூன்றாவது ஞாயிறு, பதினொரு மணி வெயிலில், அவள் தனியாக நடந்து வந்தாள். பெஞ்சில் உட்காரவில்லை. வேலியை ஒட்டி நின்றாள். நான் அவளுக்குத் தெரிகிற மாதிரி நடு வெயிலில் போய் நின்று, வேட்டி மடியை அவிழ்த்து உதறிக் காட்டினேன். சட்டைப் பையை வெளியே இழுத்துவிட்டேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள், ஒரு பனியனைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி.

பவுனு அந்தக் கோடியில் மேய்ந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம். அரை மணி நேரம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மணி, என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ஒரு மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. வா தாயே, ஒரே ஒரு தடவை வா என்று மனசுக்குள் கெஞ்சினேன். நாக்கு தானாக மடங்கியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் கடித்துக்கொண்டேன். நீங்கள் அதைப் பார்த்து உதட்டை அழுத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினீர்கள். ஒரு மணி நேரமும் முடிந்தது. பவுனு வரவே இல்லை.

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அப்போதுதான் அவள் பேசினாள். நாலைந்து மாதமாகப் பேசாத தொண்டை, கரகரத்தது.

'இன்னைக்கு வரலை.'

'ஆமா. வரலை' என்றீர்கள் நீங்கள்.

'இஷ்டம் இல்லேன்னா வராதா?'

'வராது.'

'அப்ப, வந்தா?'

'வந்தா, வந்ததுதான்.'

அவள் அப்படியே வேலியோரம் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் பேச்சும் ஒன்றாக வந்தன. நீங்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள். நான் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டேன். குதிரை வராததைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கை வந்தது. இத்தனை காலம் குதிரையோடு இருந்தும் எனக்கு இது தோன்றியதே இல்லை.

அதற்கப்புறம் அவள் ஒவ்வொரு வாரமும் வந்தாள். இரண்டு வாரம் கழித்துப் பவுனு கொஞ்சம் கிட்டே வந்து நின்றது. இன்னும் இரண்டு வாரம் ஆனதும், யாரும் கூப்பிடாமல், அவள் பக்கத்தில் வந்து தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்று தூங்கியது. குதிரை தூங்குவதற்கு ஒருத்தர் பக்கத்தில் வருவது என்றால் அது சாதாரணம் இல்லை. அவள் அசையாமல் நின்றாள், கால் மரத்துப் போகிற வரைக்கும்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பவுனுக்கு உடம்பு தேய்த்துக்கொண்டே அவளே என்னிடம் சொன்னாள். ஊரில் அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்திருக்கிறது. அண்ணனிடம் கேட்டாளாம், 'அம்மா உசுரோட இருக்காங்களா, உண்மையைச் சொல்லு' என்று. 'இருக்காங்க, கொஞ்சம் சீரியஸ், மெதுவா கெளம்பி வா' என்றானாம். வார்டனும் அப்படியே சொன்னார். சூப்பர்வைசரும் அப்படியே சொன்னார். எல்லோருக்கும் உண்மை தெரியும். தனியாக அழுதுகொண்டு பஸ்ஸில் போகக் கூடாதே என்று நல்லெண்ணம். அவளும் அம்மா இருக்கிறாள் என்று நம்பி, அம்மாவுக்குப் பிடித்த பழம் வாங்கிக்கொண்டு, மறுநாள் பஸ்ஸில் போயிருக்கிறாள். போனபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

'எல்லாரும் நல்லவங்க தாத்தா. யார் மேலயும் கோபப்பட முடியலை. அதான் பேச முடியலை' என்றாள்.

நான் பவுனின் மறுபக்கம் நின்று தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் பிறகு கரூருக்குப் போய், பெட்ஷீட் கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசர் ஆனாள். நானும் அந்த நாலு வரியோடு நிற்கவில்லை. பஞ்சாயத்துப் பள்ளியில் முதியோருக்கு நடத்தும் வகுப்பில் சேர்ந்து, போர்டு, பஸ், மாத்திரை அட்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்து உங்களைத் தொந்தரவு செய்தேன். அதெல்லாம் உங்களுக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதினேன்.

நெஞ்சு வலி என்று விடியற்காலையில் உங்களைக் கொண்டுபோனார்கள். எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் நான் இருந்தேன். ஒன்பதரை மணிக்குக் கொண்டுவந்து உங்கள் வீட்டில் கிடத்தினார்கள். கோயம்புத்தூரிலிருந்து உங்கள் தம்பி வந்துவிட்டார். இரண்டு மணிக்கு வண்டி கிளம்பும், ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்றார். அந்த நேரத்தில் என் போன் அடித்தது. செக்கிங் பிள்ளை.

'தாத்தா, மேடத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களாமே. எப்படி இருக்காங்க?'

யார் என்று உங்கள் தம்பி கேட்டார். சொன்னேன். அவர் கையைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: 'சீரியஸ்னு மட்டும் சொல்லுங்க பெரியவரே. பொம்பளப் பிள்ளை, கரூர்லேருந்து தனியா பஸ்ல வரணும். வந்தப்புறம் பாத்துக்கிடலாம்.'

அவர் கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். நானே எத்தனை பேருக்கு அப்படிப் போன் பண்ணியிருக்கிறேன்! என் வாயிலும் அந்த வார்த்தை வந்து நின்றது.

'மேடம் போயிட்டாங்க கண்ணு' என்றேன். 'காலைல எட்டு மணிக்கு. நான் கூடத்தான் இருந்தேன். ரெண்டு மணிக்கு அவங்க ஊருக்கு எடுத்துட்டுப் போறாங்க. நீ இப்பவே கெளம்புனா பாத்துப் போடலாம்.'

உங்கள் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் அவள் குரல் வந்தது.

'லைன்லயே இருங்க தாத்தா.'

இருந்தேன். அவள் ஆட்டோ பிடித்தது கேட்டது. பஸ் ஸ்டாண்டு இரைச்சல் கேட்டது. கண்டக்டர் ஊர் பேரைக் கேட்டதும், அவள் தடுமாறாமல் சொன்னதும் கேட்டது. அப்புறம் அவள் அழுகிற மூச்சு மட்டும். நான் தேறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை அம்மணி. போனைக் காதில் வைத்துக்கொண்டு உங்கள் வாசலில் நின்றேன். அவ்வளவுதான். வழியில் எங்கேயோ அவள் மூச்சு சீராயிற்று.

பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தாள். நேராக உங்கள் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். உங்கள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம். யாரும் அவளை எழுப்பவில்லை. உங்கள் தம்பிதான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு மணிக்கு வண்டி கிளம்பி, ரோட்டில் ஏறி, மறைகிற வரைக்கும் கேட்டில் நின்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

'இந்தத் தடவை நேரத்துக்கு வந்துட்டேன் தாத்தா' என்றாள்.

இந்த ஒரு வரியை எழுத மட்டும் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவள் சொன்னதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கிருந்து சுமந்துகொண்டிருக்கிறேன். இப்போது எழுதியும் ஆயிற்று. ஆனாலும் இறக்கி வைக்க மனசில்லை அம்மணி. அது கனமாகவே இல்லை.